கட்டத்தின் கைரேகை

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், திரையில் ஒரு பந்து சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. சுவரில் ஓட்டை எதுவும் இல்லை. பந்தின் வேகம் நொடிக்கு 30 மீட்டர். எங்கள் சிமுலேஷன், அதாவது நிஜ இயக்கத்தைக் கணினியில் போலச் செய்து காட்டும் நிரல், ஒரு நொடியை 60 துண்டாக நறுக்கியிருந்தது. அப்படியென்றால் ஒரு துண்டுக்கு 50 செ.மீ. சுவரின் தடிமனோ 10 செ.மீ.தான். ஒரு துண்டில் பந்து இந்தப் பக்கம், அடுத்த துண்டில் அந்தப் பக்கம். நடுவில் அது எங்கேயும் இருக்கவே இல்லை.

துண்டைச் சிறிதாக்கினேன், சரியாகிவிட்டது. ஆனால் அந்த ‘நடுவில் எங்கேயும் இல்லை’ மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நிஜப் பந்தும் இப்படித்தான் நகர்கிறதா? காலமும் இடமும் அறுபடாத இழையா, மணி மணியாகக் கோத்த மாலையா?

இந்தப் பேச்சை எடுத்தாலே, “பிளாங்க் நீளம்தான் பிரபஞ்சத்தின் பிக்சல்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1899இல் இயற்பியலாளர் மேக்ஸ் பிளாங்க் இயற்கையின் மாறிலிகளை மட்டும் கொண்டு கட்டிய அளவு அது: சுமார் 1.6 × 10⁻³⁵ மீட்டர். அவ்வளவு சிறிய தூரத்தில், நுண்துகள்களை ஆளும் குவாண்டம் விதிகளையும் ஈர்ப்பையும் தனித்தனியே வைத்துக் கணக்குப் போட முடியாது. அங்கே கட்டம் போட்ட தாள் விரித்திருக்கிறது என்று அந்த எண் சொல்லவில்லை.

சில வருடம் கழித்துக் குளத்தில் துளி விழும் காட்சியைச் செய்துகொண்டிருந்தேன். நீரின் பரப்பையும் நிரலில் சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கியிருந்தேன். அலை வட்டமாக விரிய வேண்டும். நீண்ட அலைகள் வட்டமாகத்தான் விரிந்தன. நெருக்கமான சிற்றலைகள் பின்தங்கின, அவற்றின் வட்டத்துக்கு நாலு மூலை முளைத்திருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அம்மையார் எட்டிப் பார்த்துவிட்டு, “கட்டம் எங்கேயாவது கைரேகை விட்டுட்டுப் போயிருக்கும், தேடிப் பாருங்க” என்றார். உண்மைதான். கட்டத்தின் மேல் ஓடும் அலையில், அலைநீளம் கட்டத்தின் அளவை நெருங்க நெருங்க வேகம் மாறும். திசைக்குத் திசையும் மாறும்.

அப்புறம்தான் தெரிந்தது, இதே கைரேகையை வானியலாளர்கள் வானத்தில் தேடியிருக்கிறார்கள் என்று. 2009 மே 10 அன்று ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி ஒரு காமா கதிர் வெடிப்பை, அதாவது தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றிலிருந்து வந்த உயர் ஆற்றல் ஒளியின் மின்வெட்டை, பதிவு செய்தது. அந்த ஒளி சுமார் 730 கோடி ஆண்டுகள் பயணித்து வந்திருந்தது. அதில் ஒரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல், உடன் வந்த சிலவற்றைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம். இடம் கட்டம் கட்டமாக இருந்தால், என் சிற்றலை மாதிரி அதன் வேகம் மாறியிருக்கலாம். ஆனால் அதுவும் அவையும் ஒரு நொடிக்குள் அடுத்தடுத்து வந்து சேர்ந்துவிட்டன. இவ்வளவு தூரத்துக்கு ஒரு நொடி! படித்த அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை.

இதனால் இடம் தொடர்ச்சியானது என்று நிரூபணமாகிவிடாது. குவாண்டம் விதிகளையும் ஈர்ப்பையும் இணைக்க முயலும் லூப் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாட்டில் பரப்பளவுக்கே மிகச் சிறிய அளவு ஒன்று உண்டு, ஆனால் வரைபடத் தாள் போன்ற கட்டம் கிடையாது. விழுந்துபோனது என் நிரலில் இருப்பது போன்ற எளிய கட்டம்தான் என்பது என் கருத்து.

போன வாரம் அந்தப் பழைய குளத்தை மறுபடி ஓடவிட்டேன். கட்டத்தையும் காலத் துண்டையும் பாதியாக்கினேன். கணக்கு எட்டு மடங்கானது. வட்டம் இன்னும் கொஞ்சம் வட்டமாக வந்தது. உற்றுப் பார்த்தால் ஆகக் கடைசிச் சிற்றலையில் நாலு மூலை அப்படியே இருந்தது.