தனி ஆளாகப் படகைத் துறையில் கட்டிப் பழகியது

18 அடி பைபர் படகு ஒன்றை, துணைக்கு ஆள் இல்லாமல் துறையில் அணைத்துக் கட்டுவது இப்போது கைக்கு வந்துவிட்டது. கச்சான் காற்று அடிக்கும் காலையிலும் முடிகிறது, பின்னேரக் கடல்காற்றிலும் முடிகிறது. வேலை நாள் போக மிச்ச நேரத்தில் மட்டக்களப்பு வாவியில் தூண்டில் போடுகிறவர்களுக்கு உதவும் என்பதால், செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் துறை கல்லடிப் பக்கம், வாவியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கரையோடு நீளவாக்கில் போட்ட பலகைத் துறை. இடுப்பளவு தண்ணீர். வெளிநாட்டு மரினாக்களில் இருப்பது போல மிதக்கும் மேடையோ, கயிறு சுற்றும் இரும்புக் கொம்போ இங்கே கிடையாது. வரிசையாகக் கொங்கிறீட் கட்டைகள், அவ்வளவுதான். படகின் முன்நுனியில், அதாவது அணியத்தில், ஒரு வளையம், பின்பக்கம் இரண்டு. இஞ்சின் 9.9 குதிரைவலு, கைபிடியால் திருப்புவது.

இந்த இடத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்று. கச்சான் மேற்கிலிருந்து வருவதால் எங்கள் கரைக்குப் படகைத் தானே தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். அணைப்பது சுலபம், கட்டிய பிறகுதான் தொல்லை, இரவு முழுக்கப் படகின் பக்கம் கட்டையில் உரசும். பின்னேரம் கடல்காற்று எழும்பினால் நேர்மாறு. அணியக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு துறையில் ஏறுவதற்குள் பின்பக்கம் விலகி, படகு துறைக்குக் குறுக்கே நின்றுவிடும். மழைக்காலத்தில் வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருந்தால் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். கல்லடிப் பாலத்தடியில் தண்ணீர் வடக்கே இழுக்கும். அப்போது வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, ஓட்டத்தை எதிர்த்து வந்தால்தான் படகு சொன்னபடி கேட்கும். துறை இடக்கைப் பக்கம் வரும்.

காற்றும் ஓட்டமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எதைப் பார்ப்பது? பக்கத்துத் துறையில் தொழில் செய்யும் மாமா ஒருவர் சொன்னது இன்றைக்கும் எனக்குப் போதுமாக இருக்கிறது. “மனே, இஞ்சினப் புடிக்க முதல் அந்தா கட்டி நிக்கிற தோணியளப் பாரு. எந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பி நிக்கிதோ, அந்தப் பக்கம் பாத்து நீயும் வா.” ஒற்றைக் கயிற்றில் நிற்கும் தோணி, காற்று ஓட்டம் இரண்டின் கணக்கையும் தானே போட்டுக் காட்டிவிடுகிறது.

அப்புறம் இஞ்சின். கைபிடி இஞ்சினில் நியூட்ரல் போட்ட கணமே திருப்பும் சக்தி போய்விடுகிறது, ஏனென்றால் சுக்கான் என்று தனியாக ஒன்றும் இல்லை. விசிறி தள்ளும் தண்ணீர்தான் சுக்கான். வேகமாக வந்து நியூட்ரலில் வழுக்கி அணைக்கலாம் என்பது காற்று இல்லாத நாளில் மட்டும் சரிவரும். நான் இப்போது செய்வது: துறைக்கு ஒரு 30 பாகை சரிவில், ஆள் நடக்கும் வேகத்தில், அணியத்தை நான் கட்டப்போகும் இடத்தின் நடுவுக்கு நேராகப் பிடித்து வருகிறேன். ஒரு படகு நீளம் மிச்சம் இருக்கும்போது நியூட்ரல். அணியம் துறையைத் தொடப்போகும் நேரத்தில் கைபிடியைத் துறைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, பின்கியரில் ஒரு சின்ன உந்து. படகும் நிற்கும், பின்பக்கமும் துறையை நோக்கி வரும். இதற்கு முன்னதாக இஞ்சின் மேலே எழும்பாமல் பிடிக்கும் பூட்டுக் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது விழாவிட்டால் பின்கியரில் இஞ்சின் கிளம்பி விசிறி தண்ணீருக்கு வெளியே சுற்றும்.

இதுவரை செய்தும் கடல்காற்று நாளில் படகு நிற்கவில்லை. அணியத்தைக் கட்டினால் பின்பக்கம் போகிறது, பின்பக்கத்தைக் கட்டினால் அணியம் போகிறது. தீர்வு படகின் நடுவில் இருந்தது. நடுவுக்குச் சற்று முன்னால், உள்பக்கம் பலகை வைத்து இறுக்கி, ஒரு துருப்பிடிக்காத இரும்பு வளையம் பூட்டினேன். அதிலிருந்து ஒரே ஒரு கயிறு. அதன் நுனியில் பெரிய கண்ணி. துறையை நெருங்கியதும் அந்தக் கண்ணியை எனக்குப் பின்னால் இருக்கும் கட்டையில் போடுகிறேன். இறங்கத் தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே போடலாம். பிறகு முன்கியர், ஆகக் குறைந்த வேகம், கைபிடி துறைப் பக்கம். படகு முன்னே போகப் பார்க்கிறது, கயிறு விடமாட்டேன் என்கிறது, இஞ்சின் பின்பக்கத்தை உள்ளே தள்ளுகிறது. மூன்றும் சேர்ந்து படகைத் துறையோடு ஒட்டி வைத்துவிடும். காற்று எவ்வளவு தள்ளினாலும் படகு நகராது. இஞ்சினை அப்படியே ஓடவிட்டு, அணியக் கயிற்றையும் பின்கயிற்றையும் ஆறுதலாகக் கட்டிவிட்டு, கடைசியில் இஞ்சினை நிறுத்துகிறேன். முதல் தடவை இது நடந்தபோது வந்த சந்தோசம் பெரிய மீன் பிடித்த சந்தோசத்துக்குக் குறைந்தது அல்ல. படகு வைத்திருக்கும் யாராக இருந்தாலும் வேறு எதையும் வாங்க முதல் அந்த நடு வளையத்தைப் பூட்டுங்கள்.

கயிற்றில் கவனம் வேண்டும். கடையில் நைலோன் என்று கேட்டால் மலிவான நீலக் கயிற்றையும் எடுத்துத் தருவார்கள். ஒரு சாண் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: உண்மையான நைலோன் தாழும், மற்றது மிதக்கும். மிதக்கும் கயிறு தொய்ந்து கிடந்தால் விசிறியில் சுற்றிக்கொள்ளும். வெயிலில் சீக்கிரம் நார் நாராகவும் போகும். நைலோன் இழுபடும், அதனால் அலை அடிக்கும்போது வளையத்தைப் பிடுங்காது. என் படகுக்கு 10 மில்லிமீற்றர் போதும், ஆனால் 12 கைக்கு நல்லது, ஈரத்தில் வழுக்காது. கொங்கிறீட் கட்டையின் விளிம்பு கயிற்றை அரம் போல அராவுவதால், உரசும் இடத்தில் பழைய ஓஸ் பைப் துண்டை நீளவாக்கில் கீறி மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் தொங்குவது பழைய மோட்டார் சைக்கிள் டயர். கறுப்பு அடையாளம் விழும். கச்சான் காலத்தில் அது பரவாயில்லை.

எவ்வளவு தொய்வு விடுவது என்பதை எங்கள் வாவியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இலங்கைக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அதை நம்பிக் கட்டினால் சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. வாவியின் கணக்கு வேறு. முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும்போது மழை பெய்தால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். மணலை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிட்டால் அதே தண்ணீர் மளமளவென்று இறங்கும். குட்டையாக இறுக்கிக் கட்டிய படகு கயிற்றில் தொங்கும். அதனால் அணியக் கயிற்றை நேர் எதிரே உள்ள கட்டையில் கட்டாமல் முன்னால் தள்ளியிருக்கும் கட்டையிலும், பின்கயிற்றைப் பின்னால் தள்ளியிருப்பதிலும் கட்டுகிறேன். கயிறு நீளமாகச் சரிந்து கிடந்தால் மட்டம் ஏறி இறங்கினாலும் படகு பக்கவாட்டில் அதிகம் விலகாது. கண்ணியும் இறுகாத கண்ணியாக இருக்க வேண்டும், எவ்வளவு இழுபட்டாலும் கையால் அவிழ்க்கக் கூடியதாக.

தண்ணீரோடு மணலும் நகரும். அம்பாறைப் பக்கம் 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயையே மணல் அடைத்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்றது. எங்கள் சின்னத் துறையில் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் வெள்ளம் வடிந்த பிறகு முதல் தடவை வரும்போது கம்பால் ஆழம் குத்திப் பார்த்துத்தான் உள்ளே வருகிறேன். கட்டி முடிந்ததும் இஞ்சினைத் தூக்கிவிட வேண்டும். தண்ணீரில் விட்டால் சிப்பி பிடிக்கும்.

இனி மாரி வருகிறது. படகுக்குள் மழைத்தண்ணீர் நிறையாமல் தறப்பாளை எப்படி இழுத்துக் கட்டுவது என்று பார்க்க வேண்டும். கயிற்று நுனியில் முடிச்சுக்குப் பதிலாகப் புரிகளைப் பிரித்துப் பின்னிக் கண்ணி போட மாமா சொல்லித்தருகிறார். மூன்று புரிக் கயிற்றில் ஒரு கண்ணி பின்னியாகிவிட்டது, அதை நடு வளையத்துக் கயிற்றில் போட்டு ஒரு மாரி முழுக்கப் பார்க்கப் போகிறேன்.