மணிக்கட்டு

மார்ச் 4
கையில் தீக்காயம். புறங்கை அழுத்தினால் வெளுக்கிறது, விட்டதும் சிவக்கிறது. நல்லது. மணிக்கட்டில் தீப்பெட்டி அளவு இடம் மட்டும் வெளுத்தே கிடக்கிறது. வலியும் குறைவு. அதுதான் பிடிக்கவில்லை, அங்கே ஆழமாக எரிந்திருக்கலாம்.

மார்ச் 10
புறங்கையில் புள்ளி புள்ளியாக இளஞ்சிவப்பு. மயிர்க்காலில் தப்பிப் பிழைத்த கெரட்டினோசைட்டுகள், அதாவது மேல்தோல் செல்கள், அங்கிருந்து ஏறி நாலாபக்கமும் பரவுகின்றன. ஈரம் இருந்தால்தான் எளிதாக நகரும். பொருக்குக் கட்டினால் அதற்கடியில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கட்டு ஒட்டிக்கொண்டால் உப்புநீரில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். பிய்த்தால் முளைத்ததும் கூடவே வந்துவிடும்.

மார்ச் 14
மணிக்கட்டு: ஒரு புள்ளிகூட இல்லை.

மார்ச் 16
புறங்கை மூடிவிட்டது. 2 வாரம். இனி அங்கே தடித்த தழும்புக்குப் பயமில்லை, ஏறக்குறைய.

மார்ச் 19
மேல்தோலை வெறும் மூடி என்று நினைத்துவிடுகிறோம். கீழே இருக்கும், இழை உண்டாக்கும் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட்டைக் கட்டுக்குள் வைப்பதே அதன் கெரட்டினோசைட்டுகள்தான். அவை வரத் தாமதமானால் அழற்சி நீளும், டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற சமிக்ஞைப் புரதம் பெருகும், ஃபைப்ரோபிளாஸ்ட் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறிக் காயத்தை இழுத்துச் சுருக்கும். வேலை முடிந்ததும் அவை மடிய வேண்டும். மடியாமல் தங்கினால் தழும்பு தடிக்கும். போதாததற்கு, அடித்தோலின் ஆழத்து ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குக் குணமே வேறு: கொலாஜன் இழை அதிகம், அதைக் கரைக்கும் நொதி குறைவு, இழைகளை ஒழுங்காக அடுக்க உதவும் டெக்கோரினும் குறைவு. மேலடுக்கு எரிந்துபோன இடத்தில் மிஞ்சியிருப்பவை இவைதான். தீப்பெட்டி அளவுதான். ஆனால் மூட்டின் மேல்.

மார்ச் 23
21 நாள். மணிக்கட்டு மூடவில்லை.

மார்ச் 25
மணிக்கட்டில் தோல் ஒட்டு வைத்தாயிற்று. வலையாக விரிக்காத முழுத்துண்டு. விரித்திருந்தால் ஓட்டைகள் தழும்பாக ஆறி, வலைக்கோலம் அப்படியே நின்றுவிடும்.

ஏப்ரல் 3
பிடித்துவிட்டது! ஓரத்தில் நூல்போல ஒரு மேடு.

மே 6
அரிப்பு. நூல் இப்போது கயிறு. சிலிகான் பட்டை, நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல். தினமும் கழுவிக் காயவைத்து. அதிலிருந்து மருந்து எதுவும் இறங்குவதில்லை. புதுத்தோல் வழியாக நீர் அதிகமாக வெளியேறும். காய்ந்த கெரட்டினோசைட் கீழே அழற்சியைக் கிளறும். பட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. மறுபடியும் மேல்தோலிடமே வந்து நிற்கிறோம்.

மே 9
அழுத்த உறை, 23 மணி நேரம். மணிக்கட்டுக் குழிவில் தோலைத் தொடவே இல்லை. தொடாத உறை வெறும் துணி. அடியில் நுரைத்திண்டு.

ஜூன் 11
ஓரம் அழுத்தினால் வெளுக்கிறது, விட்டதும் சிவக்கிறது. மார்ச்சில் இதே அடையாளத்துக்குத்தான் ஏங்கியது. இப்போது இதற்கு அர்த்தம், உள்ளே வேலை இன்னும் நிற்கவில்லை.

ஜூலை 2
உறை தளர்ந்துவிட்டது. புதிதாக அளவெடுக்க வேண்டும்.