தேம்ஸ் உறைந்ததற்கு எந்த அணில் காரணம்?

சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அதிகாலை, கிழக்கு லண்டனில் உள்ள எங்கள் வாடகை வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மூன்று முறை இருமிவிட்டு நின்றுபோனது. திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமனார், ஏற்கெனவே அணிந்திருந்த இரண்டு ஸ்வெட்டர்களின் மேல் மூன்றாவதை மாட்டிக்கொண்டு, குரங்குக் குல்லாயின் வட்டத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். மாமியாரின் கவலை வேறு. முந்தைய மாலை அரைத்த இட்லி மாவை அவர் பாய்லர் அலமாரிக்குள்தான் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் மாவு புளிக்கக்கூடிய ஒரே இடம் அது. காலையில் திறந்து பார்த்தபோது, மாவு வைத்த மட்டத்திலேயே அசையாமல் கிடந்தது.

பாய்லர் பழுதுபார்ப்பவர் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வருவார் என்று தெரிந்தது. பாய்லர் நின்றது குறித்து நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தியும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர்தான் என்றாகிவிட்ட நிலையில், மாமனாரை வெளியே அழைத்துப் போய் இதைவிடப் பெரிய குளிரைக் காட்டினால் வீட்டுக் குளிர் சிறிதாகத் தோன்றும் என்று கணக்குப் போட்டு, தேம்ஸ் கரைக்கு அழைத்துச் சென்றேன்.

சதர்க் பாலத்தின் தென்கரையில், பாலத்துக்கு அடியில் செல்லும் நடைபாதைச் சுவரில், உறைந்த ஆற்றின் மேல் நடந்த பனிச் சந்தையைச் செதுக்கிய கற்பலகைகள் இருக்கின்றன. சிறு பனியுகம் என்று அழைக்கப்படும், பல நூற்றாண்டுகள் நீண்ட குளிர்ச்சிக் காலத்தில் தேம்ஸ் இப்படிப் பலமுறை உறைந்ததையும், 1683–84 குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆறு உறைந்து கிடந்ததையும், அதன் மேல் கடைத்தெருவே முளைத்ததையும், 1814இல் நடந்த கடைசிச் சந்தையின்போது பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே பனிக்கட்டியின் மேல் ஒரு யானையையே நடத்திச் சென்றார்கள் என்பதையும் நான் விவரித்தேன். கோயில் யானை தாமிரபரணிக்குள் இறங்கிக் குளிப்பதைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, யானை ஆற்றின் மேல் நடந்தது என்பது எளிதில் இறங்கவில்லை. சிறிது நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்ன காரணம்?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மின்வாரியத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்களுக்குப் பழுது அறிக்கை எழுதியே ஓய்வு பெற்றவர். மின்தடைக்கு அணில்தான் காரணம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கத்தின்மீது அவருக்குத் தீராத கோபம் உண்டு. அணில் கம்பியில் ஓடியிருக்கலாம். ஆனால் கிளையை ஏன் வெட்டவில்லை, பிரேக்கர் ஏன் வேலை செய்யவில்லை, லோடு ஏன் அவ்வளவு ஏறியிருந்தது என்பதையெல்லாம் எழுதாத அறிக்கையை அவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இது தெரிந்திருந்தும் நான், “சூரியன் தூங்கிவிட்டது மாமா” என்றேன்.

1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் அநேகமாகக் காணப்படவே இல்லை. இந்த ஊர் கிரீனிச் வான்நோக்ககத்தில் வேலை பார்த்த எட்வர்டு மாண்டர் என்பவரின் பெயரால் அதை மாண்டர் சிறுமம் என்கிறார்கள். புள்ளிகள் குறைந்தால் சூரியனின் ஒளிர்வும் சற்றுக் குறையும் என்று விளக்கினேன். பிரான்சில் தன்னைச் சூரிய மன்னன் என்று அழைத்துக்கொண்ட பதினான்காம் லூயி அரியணையில் இருந்த காலம் 1643 முதல் 1715 வரை என்பதையும், அசல் சூரியனுக்கு அது பிடிக்கவில்லை போலும் என்பதையும் நகைச்சுவையாகச் சேர்த்தேன். மாமனார் சிரிக்கவில்லை. கொடைக்கானல் வான்நோக்ககத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருப்பதை அவர் நேரில் பார்த்தவராதலால், கரும்புள்ளி பற்றிய பேச்சு அவருக்குப் புதிதும் இல்லை.

“எவ்வளவு குறைந்தது?”

“பெரும்பாலான மதிப்பீடுகளின்படி ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.”

“அதாவது 230 வோல்ட்டில் கால் வோல்ட். கால் வோல்ட் குறைந்ததற்கா மாப்பிள்ளை ஊரே இருண்டது? சரி, குளிர் எப்போது தொடங்கியது?”

நான் மாட்டிக்கொண்டேன். கனடாவின் பாஃபின் தீவில் பனிக்குல்லாய்கள் இப்போது உருகுகையில் அடியிலிருந்து பழைய பாசிச் செடிகள் வெளிப்படுகின்றன. அவை எப்போது பனிக்குள் புதைந்து மடிந்தன என்று கணக்கிட்டவர்கள், 1275க்கும் 1300க்கும் இடையே திடீரென ஒரு குளிர்ச்சி தொடங்கியதையும், 1430க்குப் பிறகு அது மீண்டும் தீவிரமடைந்ததையும் 2012இல் எழுதியிருக்கிறார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

“குளிர் 1275இல். சூரியன் தூங்கியது 1645இல். பிள்ளை பிறந்து, பேரன் எடுத்து, அந்தப் பேரனும் போய்ச் சேர்ந்த பிறகு பெற்றோருக்குக் கல்யாணமா? சூரியன் உங்கள் அணில், மாப்பிள்ளை. அடுத்த காரணத்தைச் சொல்லுங்கள்.”

பக்கத்திலிருந்த ஒரு கடையில் இரண்டு கோப்பை தேநீர் வாங்கினேன். அதற்கு நான் கொடுத்த பவுண்டுகளை ரூபாயாக மாற்றிக்கொண்டே அவர் குடித்ததால், எரிமலைகளை எடுத்துக்கொள்ள எனக்குச் சிறிது அவகாசம் கிடைத்தது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் மாபெரும் எரிமலை ஒன்று வெடித்ததற்கான கந்தகத் தடயம் கிரீன்லாந்துப் பனியிலும் அன்டார்க்டிகப் பனியிலும் ஒருசேரக் கிடைத்திருந்தும், வெடித்த மலை எது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. இந்தோனேசியாவின் லோம்போக் தீவிலுள்ள சமாலாஸ், 1257இல் வெடித்தது, என்று 2013இல்தான் அடையாளம் கண்டார்கள். பமட்டான் என்ற நகரம் அந்த வெடிப்பில் அழிந்துபோனதை அத்தீவின் பனையோலைச் சுவடிகள் எழுதி வைத்திருந்தன. ஓலைச்சுவடி என்றதும் மாமனாரின் முகம் மலர்ந்தது. வெள்ளைக்காரர்கள் பனிக்குள் துளை போட்டுத் தேடியதை நம் பக்கத்து ஏடு முன்பே குறித்து வைத்திருக்கிறது என்று, லோம்போக்கைத் தூத்துக்குடிக்கு அருகில் கொண்டுவந்துவிட்டார்.

அந்த உற்சாகத்தில் கேள்வியை மறந்துவிடுவார் என்று நான் நினைத்தது தவறு. எரிமலையிலிருந்து எழும் கந்தக வாயு, மேல் வளிமண்டலத்தில் நுண்துகள் படலமாகி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஏற்றுக்கொண்டவர், “அந்தப் படலம் எத்தனை நாள் நிற்கும்?” என்றார்.

“இரண்டு, மூன்று ஆண்டுகள்.”

“பியூஸ் போனது, மூன்றாம் ஆண்டு மாற்றியாகிவிட்டது. பிறகு ஏன் ஐந்நூறு ஆண்டுகளாக விளக்கு எரியவில்லை?”

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஆய்வாளர்களே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்பதை நினைக்கையில், கற்பலகைகளுக்கு முன்னால் நின்று தேநீர் உறிஞ்சியபடி இவர் அங்கே வந்து சேர்ந்தது எனக்கு மலைப்பாக இருந்தது. பாஃபின் தீவுக் குழு சொல்லும் விளக்கத்தை முன்வைத்தேன். வெடிப்பு ஒன்றோடு நிற்கவில்லை. அடுத்தடுத்துப் பல நேர்ந்தன. அந்தக் குளிரில் வடதுருவக் கடற்பனி விரிந்தது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்புவதால் குளிர் மேலும் கூடியது. அந்தப் பனி வட அட்லாண்டிக்குக்குள் மிதந்து சென்று உருகியபோது, மேற்பரப்பு நீரின் உப்புத்தன்மை குறைந்து, நீர் கனம் இழந்து, கீழே அமிழ மறுத்தது. அமிழும் அந்த நீரின் இழுப்பில் தெற்கிலிருந்து வெப்பத்தைச் சுமந்து வரும் கடல் நீரோட்டம் தளர்ந்தது. எரிமலைத் தூசு அடங்கிய பிறகும் பனி தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது. போதாக்குறைக்கு, பூமியின் சுற்றுப்பாதை மெல்ல மாறிவந்ததால் வடகோளத்துக் கோடை வெயில் பல ஆயிரம் ஆண்டுகளாகவே குறைந்துவந்திருந்தது. தள்ளுவதற்கு ஆள் வருமுன்பே வண்டி சரிவில்தான் நின்றிருந்தது.

மாமனார் முதன்முறையாகத் தலையசைத்தார். “ஒரு டிரான்ஸ்பார்மர் போனால், அதன் லோடு பக்கத்து டிரான்ஸ்பார்மரில் ஏறும். அதுவும் போகும். முதல் பழுதைச் சரிசெய்த பிறகும் ஊர் இருட்டில்தான் கிடக்கும். இது அறிக்கை.” பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தேநீர்க் கடை ரசீதின் பின்புறத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

அவர் எழுதுவதை நிறுத்தியது ஒரே ஓர் இடத்தில்தான். ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களுக்குள் நுழைந்த பின் அம்மையாலும் போராலும் பஞ்சத்தாலும் ஏறத்தாழ 5.5 கோடி மக்கள் மாண்டார்கள் என்றும், கைவிடப்பட்ட 5.6 கோடி ஹெக்டேர் நிலத்தில் காடு வளர்ந்து காற்றிலிருந்த கரியமில வாயுவைக் குறைத்ததும் அந்தக் குளிருக்கு ஒரு காரணம் என்றும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பங்கின் அளவைப் பற்றி வாதம் உண்டு என்றாலும், 1610ஐ ஒட்டி வாயுவின் அளவு இறங்கியது அன்டார்க்டிகப் பனியில் பதிவாகியிருக்கிறது. மாமனார் பேனாவை மூடி வைத்துவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதைப் பழுதுக் கணக்கில் எழுதக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் ரயிலில் அவர் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டார். பழைய லண்டன் பாலத்தின் தூண்கள் மிகவும் நெருக்கமாக இருந்து நீரோட்டத்தை மறித்தன, அது 1831இல் இடிக்கப்பட்ட பிறகு நகரத்துக்குள் ஆறு சந்தை போடும் அளவுக்கு உறையவில்லை என்று நான் உளறியதும், “அப்படியென்றால் காலையிலிருந்து எனக்குக் காட்டியது குளிருக்குச் சான்றா, பாலத்துக்குச் சான்றா?” என்று பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்விதான். 1962–63 குளிர்காலத்தின் கடுமையும் 1683–84இன் கடுமைக்கு வெகு தொலைவில் இல்லை. ஆயினும் தேம்ஸ் மேற்கே உள்ள ஊர்களில்தான் உறைந்தது, நகர மையத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. உலகம் முழுவதும் ஒரே நூற்றாண்டில் உச்சக் குளிரை அடையவில்லை, கிழக்குப் பசிபிக்கில் அது 15ஆம் நூற்றாண்டு, வடமேற்கு ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு என்று சொன்னபோது, ரசீதில் இடமில்லாமல் என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, “சப்ஸ்டேஷன் பழுது அல்ல, ஃபீடர் பழுது” என்று எழுதினார். அதாவது, ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் போகவில்லை, ஒவ்வொரு பகுதிக்கும் செல்லும் லைன் தனித்தனியாகப் போனது.

நான்கரை மணிக்குப் பழுதுபார்ப்பவர் வந்தார். பாய்லரின் கழிவுநீர் சொட்டிக்கொண்டு வெளியேறும் மெல்லிய குழாய் வீட்டின் பின்சுவரில் உறைந்து அடைத்திருந்தது. வெதுவெதுப்பான நீரை ஊற்றினார், பொத்தானை அழுத்தினார், பாய்லர் எரிந்தது. காரணம் என்ற இடத்தில் ‘குளிர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். மாமனார் அந்தத் தாளை இரண்டு விரல்களால், செத்த அணிலின் வாலைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

பிறகு விசாரணை தொடங்கியது. குழாய்க்கு மேலுறை இல்லை என்பதைக் கண்டார். மானியில் நீரழுத்தம் ஒன்றுக்குக் கீழே இருப்பதைக் கண்டார். இதைவிடக் கடுமையாகக் குளிரிய சென்ற வாரத்தில் உறையாத குழாய் நேற்று மட்டும் ஏன் உறைய வேண்டும் என்று யோசித்தபடியே நடந்து, கூடத்துச் சுவரில் இருந்த, வீட்டின் வெப்பத்தை அமைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் நின்றார். அது 12 டிகிரியில் இருந்தது.

நான் மறைத்து வைத்திருந்த செய்தி அதுதான். முந்தைய மாதத்து எரிவாயுக் கட்டணத்தைப் பார்த்த அதிர்ச்சியில், அனைவரும் உறங்கிய பின், 20இல் இருந்ததை நான்தான் 12க்கு இறக்கியிருந்தேன். பாய்லர் எப்போதாவது மட்டும் எரிந்து, துளித்துளியாகச் சொட்டிய நீர் குழாயிலேயே உறைந்துவிட்டது. மாமனார் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் உள்ளங்கையையும் பார்த்தார்.

அதே நேரத்தில் என் மனைவியும், புளிக்காத மாவுப் பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி மாமியாரும் கூடத்துக்குள் வந்தார்கள். “பாய்லர் எதனால்தான் நின்றதாம் அப்பா?” என்று மனைவி கேட்டாள்.

மாமனார் தெர்மோஸ்டாட்டை முதுகால் மறைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் ஒருமுறைகூடச் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

“அணில் அம்மா.”