விட்வொர்த்தின் அறுகோண ரைஃபிளும் என் நாலரை அடி லேத்தும்

வீட்டிலேயே லேத் போட்டு இரும்பு வேலை பார்க்கிறவர்களுக்கு ஜோசப் விட்வொர்த்தைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு விட்வொர்த்) என்று போல்ட் டப்பாவில் போட்டிருக்கிறதே, அதில் வருகிற டபிள்யூ இந்த ஆங்கிலேய இன்ஜினியர்தான். 1841-ல் மரைக்கு 55 டிகிரி கோணம், இந்தத் தடிமனுக்கு இன்ச்சுக்கு இத்தனை மரை என்று ஒரே கணக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பட்டறைக்குப் பட்டறை ஒரு மரை, ஒருத்தர் செய்த போல்ட்டுக்கு இன்னொருத்தர் செய்த நட் ஏறாது. இந்த மனிதரே ஒரு ரைஃபிளும் செய்திருக்கிறார், அதுவும் அந்தக் காலத்தில் உலகத்திலேயே குறி தப்பாத ரைஃபிள்களில் ஒன்று என்று தெரிந்ததிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1854, கிரிமியப் போர் நேரம். தன் ராணுவத்தின் என்ஃபீல்டு துப்பாக்கியை மொத்தமாகச் செய்ய மெஷின் வடிவமைத்துத் தரச் சொல்லி பிரிட்டிஷ் அரசு இவரிடம் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் ஆர்டரை வாங்கிப் போட்டிருப்பார்கள். இவர் கேட்டது வேறு. ஒரு குழல் நன்றாகச் சுடுகிறது, அதே மாதிரி செய்த இன்னொன்று சுடுவதில்லை, ஏன் என்று யாருக்காவது தெரியுமா? தெரியாமல் மெஷின் செய்தால் அந்தக் கோளாறையும் சேர்த்துத்தானே ஆயிரக்கணக்கில் அடிப்போம்? முதலில் சோதனை, அப்புறம்தான் மெஷின் என்று சொல்லிவிட்டார். மான்செஸ்டர் பக்கத்தில் தன் வீட்டு வளாகத்திலேயே 500 கஜ நீளத்துக்குக் கூரை போட்ட ஒரு கூடம் எழும்பியது, செலவு அரசாங்கத்துடையது. காற்று குண்டைத் தள்ளக் கூடாது, அதற்குத்தான் கூரை. வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, குண்டு எந்தத் திரையில் எந்த இடத்தில் ஓட்டை போட்டது என்று பார்த்து அதன் பாதையையே வரைந்து எடுத்தார். புயலில் அந்தக் கூடம் விழுந்து, திரும்பக் கட்டி, சோதனையைத் தொடர்ந்தார்கள்.

கடைசியில் வந்தது அறுகோணத் துளை. என்ஃபீல்டின் துளை 0.577 இன்ச், குண்டைச் சுழற்றிவிட உள்ளே வளைந்து ஓடும் புரி 78 இன்ச்சுக்கு ஒரு சுற்று. விட்வொர்த் துளையை 0.451 இன்ச்சுக்குக் குறைத்து, 20 இன்ச்சுக்கு ஒரு சுற்று வைத்தார். அவ்வளவு வேகமாகச் சுழற்றினால் நீளமான, ஒல்லியான குண்டுகூடத் தலைகுப்புறப் புரளாமல் போகும். குண்டையும் ஆறு முகமாகவே செய்தார், துளைக்கும் குண்டுக்கும் அளவு அப்படிப் பொருந்த வேண்டும். 1857-ல் இங்கிலாந்தில் ஹைத் என்ற ஊரில் இரண்டையும் சுட்டுப் பார்த்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் சுமார் 27 இன்ச், விட்வொர்த்துக்கு நாலரை இன்ச்சுக்குள். 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை. 1860-ல் விம்பிள்டனில் துப்பாக்கிச் சுடும் போட்டியைத் தொடங்கி வைத்த விக்டோரியா ராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்து முதல் குண்டைச் சுட்டது, ஸ்டாண்டில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளில்தான். 400 கஜம், மையத்திலிருந்து ஒன்றரை இன்ச்கூடத் தள்ளிப் போகவில்லை.

ஆனாலும் ராணுவம் எடுக்கவில்லை. விலை பல மடங்கு, கருமருந்தின் கசடு அந்தச் சின்னத் துளையில் சீக்கிரம் படிந்துவிடும். இந்தக் காரணங்கள் நியாயமானவைதான் என்பது என் அபிப்பிராயம், சேற்றில் நிற்கிற சிப்பாய்க்கு ஒவ்வொரு குண்டுக்கும் குழாய் துடைக்க நேரம் ஏது. ஆனால் 1871-ல் அதே ராணுவம் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை எடுத்தபோது அதன் துளை 0.45 இன்ச். அளவில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நான் துப்பாக்கி செய்வதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் செய்வது குற்றம், எனக்கு அதில் ஆசையும் இல்லை. இந்தக் கதையில் என்னைப் பிடித்து இழுப்பது துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கிற அளவு. அந்த அறுகோணத் துளைக்கு பல வருஷம் முன்னால், 1840-லேயே, இரும்பில் தட்டையான பரப்பை எப்படிக் கொண்டுவருவது என்று விட்வொர்த் ஒரு கட்டுரை எழுதி அறிஞர்கள் கூட்டத்தில் வாசித்திருக்கிறார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

யோசித்துப் பாருங்கள், தட்டை என்று காட்ட உங்களிடம் எதுவுமே இல்லை. இரண்டு பிளேட்டை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினால் நன்றாக ஒட்டும், ஆனால் ஒன்று லேசாகப் புடைத்தும் மற்றது அதே அளவு குழிந்தும் இருந்தாலும் ஒட்டத்தானே செய்யும்? அதனால் மூன்று பிளேட். இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலாவதற்குப் பொருத்து, பிறகு அந்த இரண்டையும் எதிரெதிராக வை. முதல் பிளேட் புடைத்திருந்தால் அவை இரண்டுமே குழிந்திருக்கும், ஓரத்தில் மட்டும் தொட்டு உண்மையைச் சொல்லிவிடும். இப்படி மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே போனால் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டுகிற நிலை வரும், அந்த நிலையில் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அளவுகோலே இல்லாமல் அளவு பிறக்கிற இந்த இடத்தை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இதைத்தான் இப்போது கோவையில் என் ஷெட்டில் செய்துகொண்டிருக்கிறேன். பழைய நாலரை அடி பெல்ட் லேத், ஒரு வைஸ், கொஞ்சம் அரம், மூன்று காஸ்ட் அயர்ன் பிளேட். அந்தக் காலத்தில் எமரி என்கிற சாணைத்தூள் போட்டுத் தேய்ப்பார்கள், அது கூடாது, ஸ்கிரேப்பரால் சுரண்டு என்றுதான் விட்வொர்த் வாதாடினார். எமரி மேட்டையும் பள்ளத்தையும் பார்க்காமல் தேய்க்கும், ஸ்கிரேப்பர் நீ காட்டுகிற மேட்டை மட்டும் எடுக்கும். பழைய அரத்தின் முனையைத் தீட்டினால் ஸ்கிரேப்பர் ரெடி. ஒரு பிளேட்டில் பிரஷ்யன் புளூ என்கிற நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, மற்றதைக் கவிழ்த்து இரண்டு இழுப்பு இழுத்துத் தூக்கினால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் சுரண்ட வேண்டும், கைக்குக் கருப்பு மாவு மாதிரி தூள் வரும். துடை, தடவு, இழு, தூக்கு. ஆரம்பத்தில் அங்கங்கே நாலு திட்டுதான் தெரியும், போகப் போக அது உடைந்து சிறு சிறு புள்ளியாகப் பரவும், சதுர இன்ச்சுக்கு இருபது புள்ளி வந்தால் நல்ல பரப்பு.

கையின் வெப்பமும் கணக்கில் வரும் என்பதை இதைச் செய்யும்போதுதான் உணர முடிகிறது. 25 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மைக்ரான் (மி.மீ.-ல் ஆயிரத்தில் மூன்று பங்கு) வளர்ந்துவிடும், அதனால் லேத்திலிருந்து இறக்கிய ஜாபை உடனே மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து அளவு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. விட்வொர்த் செய்த அளக்கும் மெஷின் இன்ச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டியது. இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தகடு பிடிபட்டு நிற்கும், அந்த ஒரு பங்கு தளர்த்தினால் விழுந்துவிடும்!

மூன்றாவது பிளேட்டை இன்னும் தொடவில்லை. கோவையில் கணபதி என்கிற பகுதியில் ஒரு பவுண்டரியில் வார்த்து வாங்கியது, புது வார்ப்புக்குள் இறுக்கம் இருக்கும், உடனே சுரண்டினால் பின்னால் வளைந்து உழைப்பெல்லாம் வீணாகும். மேல்தோலை மட்டும் ஒரு முறை ஷேப்பரில் (இரும்பைச் சீவுகிற மெஷின்) எடுத்துவிட்டு மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் போட்டிருக்கிறேன். ஆறு மாதம் போதும் என்கிறார் ஒரு பழைய ஃபிட்டர், ஒரு வருஷமாவது கிடக்கட்டும் என்கிறார் இன்னொருவர். நீங்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், உதவியாக இருக்கும்.