பென்சிலில் எழுந்த பெயர்

பெரியவர் வெள்ளைத் தாளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பேத்தி பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தாள்.

ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. பெயர் முழுசாக வந்த பிறகும் அவர் தாளை எடுக்கவில்லை. உள்ளங்கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

இன்று மதியம், வாஷிங்டன், வியட்நாம் போர் நினைவுச்சுவர்.

போரில் இறந்த, காணாமல் போன அமெரிக்க வீரர்களின் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், கல்லில் செதுக்கியவை. பதவி, பட்டம் எதுவும் கிடையாது. அகர வரிசையும் இல்லை. இறந்த அல்லது காணாமல் போன நாள்தான் வரிசை. ஒரே சண்டையில் போனவர்கள் இங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். இதை வடிவமைத்தபோது மாயா லின்னுக்கு வயது 21.

கருங்கல் நம் பெங்களூரிலிருந்து போனது. பளபளவென்று இழைத்திருப்பதால் பெயர்களுக்கு நடுவே நம் முகமும் தெரிகிறது.

பெயர் அருகே வைரக்குறி என்றால் மரணம் உறுதி. சிலுவைக்குறி என்றால் ஆளைக் காணவில்லை. காணாமல் போனவர் உயிரோடு திரும்பினால் அந்தச் சிலுவையைச் சுற்றி வட்டம் செதுக்குவதாக ஏற்பாடு.

இதுவரை ஒரு வட்டம்கூட இல்லை.

அந்தப் போர் சரியா தப்பா என்று அமெரிக்காவே இரண்டாகக் கிடந்த காலம் அது. திரும்பி வந்தவர்களுக்குச் சரியான வரவேற்புகூட இல்லை. அவர்களே முன்னின்று நன்கொடை திரட்டி, செத்துப்போன தோழர்களுக்காக 1982-ல் இதை எழுப்பினார்கள். நான் பார்த்த தேசபக்தியில் இதுதான் பெரியது.

பெரியவர் தாளைச் சுருட்டவில்லை. மடிப்பு விழாமல் இரண்டு கையிலும் ஏந்தியபடியே நடந்தார். பேத்திதான் அவர் தோளைப் பிடித்து மெல்லக் கூட்டிப்போனாள்.