மன்றாட்டில் ஒரு வரி

இன்று மாலை, மாதா மரியாளின் பட்டங்களை வரிசையாகச் சொல்லி வேண்டும் மன்றாட்டு மாலையில் 'சமாதானத்தின் இராக்கினியே' (அமைதியின் அரசியே) என்ற இடம் வந்ததும் முன்வரிசைப் பாட்டி நிறுத்திவிட்டார்.

செபமாலை மணியை இறுகப் பற்றிக்கொண்டு அதே வரியை மறுபடியும் சொன்னார். நாங்களும் சொன்னோம்.

அந்த வரி ஆதியிலிருந்தே இருந்ததில்லை. முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1917-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் சேர்த்தது. எதிரெதிர்ப் பதுங்குகுழிகள் இரண்டிலும் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். ஒரே தாயிடம் இரண்டு பக்கமும் கேட்டிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

காசாவில் இருக்கும் திருக்குடும்பக் கத்தோலிக்கப் பங்குக் கோவிலும் நினைவுக்கு வந்தது. 2023-இல் காசாப் போர் தொடங்கியதிலிருந்து திருத்தந்தை பிரான்சிஸ் ஏறக்குறைய தினமும் மாலையில் அங்கே தொலைபேசியில் பேசினார். 2025 ஏப்ரலில் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பும் பேசினார். பெரிய உரையெல்லாம் இல்லை. எப்படி இருக்கிறீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற விசாரிப்புதான்.

(அந்த வளாகத்தில் முஸ்லிம்களும் அடைக்கலம் பெற்றிருந்தார்கள்.)

செபம் முடிந்தது. அகதிகளுக்குச் சேர்த்த போர்வைகள் கோவிலின் பின்பக்கம் இன்னும் கட்டப்படாமல் குவிந்து கிடந்தன.

பாட்டி செபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டு, "கயிறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.