சேர் வெட்டிய 'வெரி'

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர் எழுத்துப்பிழையைச் சின்னதாக ஒரு சுழிப்போடு விட்டுவிடுவார். 'வெரி' என்ற சொல் கண்ணில் பட்டால் மட்டும் கொப்பித் தாள் கிழிகிற மாதிரி ஒரு வெட்டு. சிவப்பு மையில் பாதி அதற்கே போயிருக்கும்.

ஒருமுறை யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். தேர் ஓடும் 24ஆம் திருவிழாவுக்குப் போகாதவன் எங்கள் வகுப்பில் இல்லை. ஆனாலும் எல்லாக் கொப்பியிலும் ஒரே பாட்டுத்தான்: வெரி பிக் குரௌட், வெரி ஹொட் சன், வெரி பியூட்டிஃபுல் சாரியட். அடுத்த நாள் கொப்பிகளை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, எங்கள் வாங்கின் நுனியில் இருந்தவனை எழுப்பினார்.

"வெயில் எப்பிடி இருந்தது?"

"வெரி ஹொட், சேர்."

"எங்கை நிண்டனி?"

"தெற்கு வீதியிலை, சேர்."

"செருப்பு?"

"கழட்டிப்போட்டன், சேர்."

"அப்ப கால் என்ன செய்தது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். மணல் சுட்டதையும், ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றதையும், உருண்டு அங்கப்பிரதட்டை செய்கிறவர்களுக்காக மணலில் தண்ணீர் விட்டிருந்த இடத்துக்கு ஓடிப்போனதையும், அங்கே ஏற்கெனவே நின்றவர்கள் இவனைத் தள்ளிவிட்டதையும் சொன்னான். வகுப்பே சிரித்தது. "இதை எழுதடா! வெரி ஹொட்டாம்!" என்றார் சேர்.

இலக்கணப் பக்கமும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். 'ஐ வெரி லைக் கிரிக்கெட்' என்று நாங்கள் எழுதியதற்குக் காரணம் தமிழ்தான். 'மிகவும் நல்லது', 'மிகவும் விரும்புகிறேன்' என்று எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் வெரி அப்படி வினைச்சொல்லோடு ஒட்டாது. 'வெரி மச்' என்று துணையோடுதான் வரும், அதுவும் அநேகமாக வசனத்தின் கடைசியில். இன்னொருவன் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் புகழப் போய் 'டூ ஸ்வீட்' என்று எழுதிவிட்டான். "அப்ப திகட்டி, தின்னேலாமல் விட்டிட்டாய். மிச்சத்தை நாளைக்கு இஞ்சை கொண்டு வா" என்றார். வெரிக்கும் டூவுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிறகு எங்களில் எவனுக்கும் மறக்கவில்லை.

இத்தனைக்கும் நல்ல கட்டுரையின் அடியில் அவரே 'வெரி குட்' என்று எழுதுவார். எங்கள் ஊரில் வெறிக்குட்டி என்றால் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன். (லண்டனில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.) அந்தக் குறிப்பை வாங்கியவனுக்கு அன்று முழுக்க அதுதான் பெயர். கதை சேரின் காதுக்கும் போயிருக்க வேண்டும். போகப் போக வெறும் 'குட்' மட்டுமே விழுந்தது.

லண்டனுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல்லின் பூர்வீகத்தை அகராதியில் தேடிப் பார்த்தேன். பழைய பிரெஞ்சில் 'உண்மையான' என்று பொருள்பட்ட சொல் அது. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சோசர் தன் வீரனை வர்ணிக்கும்போதும் 'உண்மையான' என்ற கருத்தில்தான் போடுகிறார். 'த வெரி மேன்' என்றால் அந்த ஆளேதான் என்று இன்றைக்கும் அர்த்தம் வருகிறதே, அது பழைய பொருளின் மிச்சம். காலப்போக்கில் உண்மை தேய்ந்து, அழுத்தம் மட்டும் நின்றுவிட்டது.

வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் அதைத்தானே செய்கிறோம்! 'சரியான வெயில்', 'சரியான கஷ்டம்' என்கிறோம். வெயிலில் சரி எது, பிழை எது? 'வலு கெட்டிக்காரன்' என்கிறோம்; வலு என்றால் பலம். தமிழகத்தாரின் 'ரொம்ப', 'நிரம்ப' என்பதிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலேயரும் அதே போல 'ஃபுல்' என்பதை அழுத்தத்துக்கு வைத்திருந்தார்கள். 'ஃபுல் வெல்' என்பதில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்புறம், தமிழ் ரீச்சர் மனப்பாடம் செய்யவைத்த நன்னூல் சூத்திரம்: சால, உறு, தவ, நனி, கூர், கழி. ஆறும் 'மிக' என்ற ஒரே பொருளுக்கு. யாழ்ப்பாணச் சந்தையில் ஒருவர் 'நனி நல்ல கத்தரிக்காய்' என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த வகைச் சொற்கள் பாவிக்கப் பாவிக்கத் தேய்ந்துபோகின்றன, அந்த இடத்துக்குப் புதிது வருகிறது. இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு வெரி போதவில்லை. 'ஸோ', 'ரியலி', 'லிட்டரலி' என்று ஏறிக்கொண்டே போகிறார்கள். இந்தத் தேய்மானத்தைத்தான் சேர் சிவப்பு மையால் தடுக்கப் பார்த்திருக்கிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கடுமை கூடிப்போய்விட்டது என்பது என் கட்சி. உபகாரம் செய்தவருக்கு எழுதும்போது 'தாங்க் யூ வெரி மச்' என்பதில் எதை வெட்டுவது? ஒரு மரண வீட்டுக்கு 'ஐ ஆம் சொரி' என்று மட்டும் எழுதினால், பஸ்ஸில் காலை மிதித்ததற்குச் சொன்னது போல இருக்கும். அங்கே வெரி வேண்டும். இதையும் கேட்டிருந்தால், "செத்தவரைப் பற்றி உனக்குத் தெரிஞ்ச ஒண்டை எழுது" என்றிருப்பார். சரிதான். ஆனால் செய்தி கேட்ட கையோடு எழுதுகிற எல்லாருக்கும் அது வந்துவிடுமா, சேர்?